மச்சான் பட்டறை வாசலில் நிற்கும் கார்

அத்தியாயம் 6

கார்களைப் பற்றி வானதி மேடத்துக்குத் தெரிந்ததெல்லாம், இடித்த பிறகு அவை எப்படி இருக்கும் என்பதுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய பம்பரைப் பார்த்துவிட்டு, ஓட்டியவர் தூங்கினாரா, இல்லை மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாரா என்று சொல்லிவிடுவார். அந்த வேலை அலுத்துப்போய்த் தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தார். நான் ஃபாஜில். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பி, அந்த மாடியில் அவருக்கு உதவியாளராக ஒட்டிக்கொண்டவன். துப்பறியும் நிலையம் என்றதும் கொலை, கொள்ளை என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்பதுதான் எங்களிடம் வருகிற பெரிய மர்மம்.

குடவாசல் அரிசி மண்டி அப்துல் வஹாப் ஹாஜியாரும் அப்படி வந்தவர்தான். மகள் ஷமீராவுக்குப் பார்த்திருந்த பையனை விசாரித்துக் கொடுத்தோம். நல்ல பையன். கவிதை எழுதுகிறான் என்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை. அதையும் ரிப்போர்ட்டில் மறைக்காமல் போட்டோம். ஹாஜியார் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். அடுத்த வாரம் நிக்காஹ்.

இந்த முறை அவர் எங்களைக் கூப்பிட்டது காரைப் பற்றி விசாரிக்க.

ஹாஜியாரின் தகப்பனார் காலத்து அம்பாசிடர். டீக்கடைக்காரர் தாராளமாகப் பால் ஊற்றிய டீயின் நிறம். மண்டிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஷெட்டில் நின்றிருந்தது. அதன் முன்னால் நாற்காலி போட்டு ஹாஜியார் உட்கார்ந்திருந்தார். கையில் தஸ்பீஹ் ஜெபமாலையின் மணி உருண்டுகொண்டிருந்தது. பேச்செல்லாம் அவருடைய மூத்த மகன் சித்தீக்தான். தங்கை கல்யாணத்துக்காகக் கத்தாரிலிருந்து வந்திருப்பவர்.

"ரொம்ப சிம்பிளான கேஸ் மேடம்," என்றார் சித்தீக். "இந்த வண்டி பள்ளிவாசலுக்குப் போனா நிக்காது. கடைத்தெருவுக்குப் போனா நிக்காது. கும்பகோணம் போனா மட்டும் வழியில நிக்கும். எங்க நிக்கும் தெரியுமா? செழியன்னு ஒருத்தர் பட்டறை வச்சிருக்காரு, அது வாசல்ல. செழியன் யாரு தெரியுமா? இந்த டிரைவரோட மச்சான்."

"ஒவ்வொரு தடவையும் அங்கேயேவா?" என்றார் வானதி மேடம்.

"வாசல், இல்லைன்னா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால, பின்னால. அவரு வந்து கையை வைப்பாரு. உடனே ஸ்டார்ட் ஆயிடும்."

"சொந்தபந்தம் தெரிஞ்ச வண்டி மேடம்," என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு இது பழக்கம்தான்.

டிரைவர் தங்கையன் ஷெட் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் வண்டி துடைக்கிற மஞ்சள் துணி. ஷமீரா பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் காரை ஓட்டுகிறவர். அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி ஏற்றியவர். மண்டிக்குப் பின்னால் ஹாஜியார் கொடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறார். வேலை போனால் கூரையும் போகும்.

"இவரு எதுக்கு அப்படிச் செய்யணும்?" என்றார் மேடம்.

"கல்யாணம் முடிஞ்சதும் இதைத் தள்ளிவிட்டுட்டு ஆட்டோமேட்டிக் ஒண்ணு எடுக்கப் போறோம், டிரைவரே வேண்டாம்னு வந்த அன்னைக்கே சொன்னேன். அந்தக் கோவம். மாப்பிள்ளையை இந்தக் கார்ல உக்கார வச்சு ஊர்வலம் விடணும்னு அத்தாவுக்கு ஆசை. அதை நடுரோட்டுல நிறுத்தி மானத்தை வாங்கணும்னு பார்க்கிறாரு."

கும்பகோணத்து மெக்கானிக் இக்னிஷன் காயில் போய்விட்டது என்றாராம். மாற்றினார்கள். மன்னார்குடி மெக்கானிக் பெட்ரோல் பம்ப் என்றாராம். மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். திருவாரூர் மெக்கானிக் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி, அதற்கும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள்ள காரணம் தெரியணும் மேடம்," என்றார் சித்தீக். "இல்லைன்னா நான் ஸ்டேஷனுக்குப் போயிடுவேன். ரெண்டு தட்டு தட்டினா மச்சானும் டிரைவரும் சேர்ந்து பாடுவாங்க."

தங்கையன் தலை நிமிரவில்லை. ஹாஜியார் மட்டும் முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"போலீஸ் அப்புறம். முதல்ல இவங்க பார்க்கட்டும்."

வானதி மேடம் தங்கையனிடம் போனார். "எப்பலேர்ந்து இப்படி நிக்குது?"

"ஆயுத பூஜை கழிச்சுங்க. நான் அப்ப லீவுல இருந்தேன். வீட்டுக்காரி நாகம்மாளுக்குத் தஞ்சாவூர்ல ஆபரேஷன். பித்தப்பையில கல்லு. வருஷா வருஷம் நான்தாங்க வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு எலுமிச்சம்பழம் நசுக்குவேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துடுவாரு. இந்த வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தேன். திரும்பி வந்து, வண்டியக் கழுவி வெளிய எடுத்தேன். அன்னைக்கே நின்னுடுச்சு."

"ஷெட்டுக்குள்ள நின்ன வண்டிதானே? எதுக்குக் கழுவினீங்க?"

தங்கையன் தோளிலிருந்த துணியை எடுத்தார். அதைப் பார்த்தார். மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"தூசிங்க."

"சரி," என்றார் மேடம். "எல்லாரும் ஏறுங்க. கும்பகோணம் போவோம்."

முன்னால் தங்கையனும் வானதி மேடமும். பின்னால் ஒரு பக்கம் ஹாஜியார், மறுபக்கம் சித்தீக், நடுவில் நான். தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளாத இடத்தில் என்னை உட்காரவைத்தது யார் யோசனை என்று தெரியவில்லை. இடது காதில் தஸ்பீஹ் சத்தம், வலது காதில் சித்தீக்கின் பெருமூச்சு. வண்டி மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. ஊரைத் தாண்டியதும் இருபக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள், தண்ணீரில் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. குறுவை அறுத்தவர்கள் ரோட்டில் பாதியை நெல் காயவைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதியில் பஸ்காரர்கள் எங்களைத் துரத்தினார்கள்.

பெட்ரோல் முள் கீழே படுத்துக்கிடந்தது.

"பெட்ரோல் இல்லையா?" என்றேன்.

"முள்ளு செத்து ரொம்ப வருஷமாச்சுங்க," என்றார் தங்கையன். "குச்சி விட்டுத்தான் பார்க்கணும். காலையிலதான் பெட்ரோல் போட்டேன்."

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமியது. தங்கையன் மிதித்தார். அது மறுபடி இருமியது. ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அடங்கியது. உருண்டு ஓரமாய்ப் போய் நின்ற இடத்தில் தகரப் பலகை தொங்கியது: செழியன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ், பம்ப்செட், பவர் டில்லர் பழுது பார்க்கப்படும்.

"பார்த்தீங்களா?" என்றார் சித்தீக். அவர் குரலில் துக்கம் துளியும் இல்லை.

பட்டறையில் லேத் மெஷின் கதறிக்கொண்டிருந்தது. செழியன் வெளியே வந்தார். கிரீஸ் கை, பனியன், காதில் பென்சில். எங்களைப் பார்த்துத் தும்மினார். பிறகு மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய், பெட்ரோல் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். பாதி குச்சி நனைந்திருந்தது. மூடினார். பானெட்டைத் தூக்கினார். பம்பை ஸ்பேனரால் டொக் டொக்கென்று தட்டினார். ஒரு குழாயைக் கழற்றி ஊதினார். மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அடி மாப்பிள," என்றார்.

தங்கையன் சாவியைத் திருப்பினார். இன்ஜின் எதுவுமே நடக்காதது போல் ஓடியது.

"நல்ல கை ராசி," என்றேன்.

"என்னன்னே தெரியல தம்பி," என்றார் செழியன் உள்ளபடியே. "ஒவ்வொரு தடவையும் இதைத்தான் செய்யுறேன். ஓடுது. எதனால ஓடுதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இது என்ன, டில்லரா?"

சித்தீக் இறங்கத் தயாரானார். "மேடம், இவரை இப்பவே விசாரிச்சிடலாம்."

"அவரு எங்க போயிடப் போறாரு? பட்டறை இங்கதானே இருக்கு," என்றார் வானதி மேடம். "தங்கையன், திரும்ப வேணாம். நேரா போங்க. ஃபாஜில், வீட்டுலேர்ந்து இந்தப் பட்டறை எவ்வளவு தூரம்னு ஃபோன்ல பார்த்து வச்சுக்க."

பார்த்து வைத்துக்கொண்டேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஹாஜியார் ஜன்னல் வழியாக வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், வண்டி நின்றுவிடுமோ என்ற பயமா, நிற்காமல் போய்விடுமோ என்ற பயமா என்று சொல்ல முடியவில்லை. பட்டறை இல்லாத இடத்திலும் நின்றால் வண்டிக்கு நோய். நிற்காவிட்டால் அவர்தான் குற்றவாளி.

இன்ஜின் இருமியது.

இந்த முறை நின்ற இடத்தில் பட்டறை இல்லை, வீடு இல்லை, மரம்கூட இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ரோட்டில் விரித்த நெல். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எங்களை முறைத்தார்.

வானதி மேடம் கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, இந்தப் பக்கம் யாருக்காவது மச்சான் இருக்காங்களா?"

"மச்சானும் இல்ல, மாமனும் இல்ல. நெல்லு மேல ஏத்திடாதீங்க."

மேடம் திரும்பினார். "ஃபாஜில், தூரம்?"

"வீட்டுலேர்ந்து பட்டறைக்கு எவ்வளவோ, பட்டறையிலேர்ந்து இங்க ஏறக்குறைய அவ்வளவுதான் மேடம்."

"சித்தீக் பாய், இந்த வண்டி ஆளைப் பார்த்து நிக்கல. தூரத்தைப் பார்த்து நிக்குது. இவ்வளவு தூரம் ஓடினா நின்னுடும். உங்க வீட்டுலேர்ந்து அந்தத் தூரத்துல செழியன் பட்டறை இருக்கு. அது அவரு தப்பு இல்ல, பட்டறைக்கு இடம் பார்த்தவங்க தப்பு. பள்ளிவாசலும் கடைத்தெருவும் கிட்ட இருக்கு. அதனால நிக்கல."

தங்கையன் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சை அவர் ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருந்திருக்க வேண்டும்.

"ஆனா ஏதோ செஞ்சு வச்சாத்தானே நிக்கும்?" என்றார் சித்தீக், விட மனசில்லாமல்.

"அதையும் பார்ப்போம். பானெட்டை யாரும் தொடக் கூடாது." மேடம் கீழே இறங்கினார். நாங்களும் இறங்கினோம், ஹாஜியாரைத் தவிர. "ஃபாஜில், செழியன் என்னென்ன செஞ்சாரு? வரிசையா சொல்லு."

"தும்மினாரு. குச்சி விட்டாரு. பம்பைத் தட்டினாரு. குழாயை ஊதினாரு. கையைத் துடைச்சாரு."

"மத்த மெக்கானிக்குங்க?"

தங்கையன் யோசித்தார். "ஒருத்தரு கார்புரேட்டரைக் கழட்டினாரு. ஒருத்தரு பம்பு மாத்தினாரு. ஒருத்தரு ஒண்ணும் செய்யல, பெட்ரோல் இருக்கான்னு பார்த்துட்டு வயசாச்சுன்னாரு. அவரு பார்த்ததுக்கும் ஓடுச்சுங்க."

"ஆக, எல்லாரும் செஞ்ச ஒரே வேலை எது?"

எனக்கு மெல்ல உறைத்தது. முள் செத்த வண்டி. நின்றதும் வருகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

"அந்த முதல் வேலையை மட்டும் நீ செய்," என்றார் மேடம்.

"தும்மணுமா மேடம்?"

அவர் பார்த்த பார்வையில் பின்பக்கம் ஓடினேன். மூடியைப் பிடித்துத் திருகினேன். பட்டறை வாசலில் லேத் கதறலிலும் பஸ் ஹாரனிலும் காதில் விழாத சத்தம், இந்த வயல்வெளியில் தெளிவாகக் கேட்டது. உஸ்ஸ்ஸ். ஷார்ஜாவில் அத்தனை வருஷம் கேஸ் குழாயோடு குடித்தனம் நடத்தியவன் நான். காற்று வெளியே வருகிற சத்தம் வேறு, உள்ளே போகிற சத்தம் வேறு. இது உள்ளே போனது.

"அடிங்க தங்கையன்," என்றார் மேடம்.

ஒரே அடியில் ஓடியது.

நெல் துழாவிய பெண்மணி நின்று பார்த்தார். சித்தீக் காரைச் சுற்றி வந்து மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் அவருக்கு விளக்கம் சொன்னார். கடையில் எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்று போக. ஒரே ஓட்டை போட்டால் கொஞ்சம் வந்துவிட்டு நின்றுவிடும். பெட்ரோல் டேங்கும் டின்தான். அதற்குக் காற்று போகிற ஓட்டை மூடியில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால், கொஞ்ச தூரம் ஓடி, உள்ளே காற்றில்லாமல் பெட்ரோல் வராமல் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று போகும், ஓடும். காயிலும் பம்பும் கார்புரேட்டரும் அனாவசியமாகப் பழி சுமந்தவை.

"தங்கையன் மாதிரி," என்றேன் நான். இதற்கும் யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மேடம் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. முந்தானையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக் குத்தினார். ரொம்ப நேரம் நோண்டியதும் ஒரு துணுக்கு உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. கெட்டியாக, மஞ்சளாக, உடைத்த பருப்பு போல.

"சந்தனம்," என்றார்.

சித்தீக்குக்குத்தான் முதலில் உயிர் வந்தது.

"நான் என்ன சொன்னேன்? அத்தா, பார்த்தீங்களா? சந்தனம்! இந்த வீட்டுல வண்டிக்குச் சந்தனம் வைக்கிறது யாரு? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கதை சொல்லிட்டு, எப்பவோ வந்து ஓட்டையைப் பார்த்து அடைச்சு வச்சிருக்காரு. என்ன தங்கையன்?"

தங்கையனின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் திகைப்புதான் முதலில் வந்தது. மேடம் கையிலிருந்த துணுக்கைப் பார்த்தார், காருக்குள் உட்கார்ந்திருந்த ஹாஜியாரைப் பார்த்தார். அப்புறம் அந்தத் திகைப்பு காணாமல் போய், முகம் சலனமில்லாமல் ஆகிவிட்டது.

"ஆமா தம்பி," என்றார். "நான்தான் வச்சேன்."

காருக்குள் தஸ்பீஹ் நின்றது.

"ஒத்துக்கிட்டாரு!" சித்தீக் ஃபோனை எடுத்தார். "கேட்டுக்கங்க மேடம், நீங்கதான் சாட்சி. தங்கையன், இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கங்க."

"சரிங்க தம்பி. நாகம்மா இன்னும் எந்திரிச்சு நடக்கல. ஒரு ரெண்டு நாளு மட்டும் குடுங்க."

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மேடம் எதற்கும் அசையவில்லை. துணுக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கையன், குங்குமம் எங்க?"

"எதுங்க?"

"குங்குமம். சந்தனம் வச்சா அது மேல குங்குமம் வைப்பீங்கல்ல? கழுவினாலும் ஓட்டைக்குள்ள கொஞ்சமாவது செவப்பு இறங்கியிருக்குமே. இதுல துளி செவப்பு இல்லையே?"

"குங்குமம்... தீர்ந்து போச்சுங்க."

"ஆயுத பூஜைக்கு, குடவாசல் கடைத்தெருவுல, குங்குமம் தீர்ந்து போச்சு."

வண்டிக்கு இத்தனை வருஷம் பொட்டு வைத்த மனிதர் சந்தனத்தை மட்டும் அப்பிவிட்டுப் போவார் என்பதை அந்த நெல்லுக்காரப் பெண்மணிகூட நம்பியிருக்க மாட்டார்.

"ஃபாஜில், மோந்து பாரு."

துணுக்கை வாங்கி நகத்தால் கீறி மூக்கருகில் வைத்தேன். பெட்ரோலையும் மீறிக்கொண்டு ஒரு வாசனை வந்தது. பன்னீர். அதற்கும் அடியில் அத்தர். எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டுக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் நிற்பதுபோல் இருந்தது.

"மேடம், இது பூஜைச் சாமான் கடைச் சந்தனம் இல்ல," என்றேன். சொல்லும்போதே இது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்து குரல் இறங்கிவிட்டது. "தர்கா கந்தூரித் திருவிழாச் சந்தனம். நாகூர் தர்காவுக்குப் போயிட்டு வர்றவங்க கொண்டாந்து குடுப்பாங்க. அத்தரு எண்ணெய் விட்டுப் பிசைஞ்சிருப்பாங்க. அதான் கழுவியும் கரையல."

"எங்க வீட்டுல யாரும் தர்காவுக்குப் போறது இல்லையே," என்றார் சித்தீக். "அது மார்க்கத்துக்கு ஆகாதுன்னு நான்தான் சொல்லிச் சொல்லி நிறுத்தினேன். உம்மா இல்ல, ஷமீரா இல்ல. அத்தாகூட விட்டுட்டேன்னு..."

பாதியில் நிறுத்தினார். ஃபோனை வைத்திருந்த கை கீழே இறங்கியது.

மேடம் தங்கையனுக்கு மட்டும் சொல்வதுபோல் மெதுவாகப் பேசினார். "லீவு முடிஞ்சு வந்தப்ப வண்டி பூரா சந்தனம் இருந்திருக்கு. குங்குமம் இல்லாத சந்தனம். யாரு வச்சதுன்னு பார்த்ததுமே புரிஞ்சுடுச்சு. சித்தீக் பாய் கண்ணுல படுறதுக்கு முன்னால கழுவிட்டீங்க. வெளிய தெரிஞ்சதைக் கழுவினீங்க, ஓட்டைக்குள்ள போனது தெரியல. நான் கேட்டப்ப தூசின்னீங்க."

"விட்டுடுங்கம்மா," என்றார் தங்கையன். கும்பிடாத குறை. "ஊருக்குள்ள பெரிய மனுஷங்க. கல்யாண வீடு. நான்தான் வச்சேன்னு எழுதிக்கங்க. எனக்கு என்ன, எங்கயாவது டிராக்டர் ஓட்டிப் பொழச்சுக்குவேன்."

மேடம் தொண்டையைச் செருமினார். "ரிப்போர்ட்ல அடைப்புன்னு மட்டும்கூடப் போட்டுடலாம். யாரு வச்சதுன்னு நான் எழுத வேண்டிய அவசியம் இல்ல." இதைத் தங்கையனிடம் சொல்வதுபோல் காருக்குள் பார்த்துச் சொன்னார். வழக்கமாக உண்மையை விட்டுக்கொடுக்காதவர். மாப்பிள்ளையின் கவிதையைக்கூட மறைக்க விடாதவர்.

பின்கதவு திறந்தது. ஹாஜியார் இறங்கினார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றார்.

"அவன் வைக்கல," என்றார். "நான் வச்சேன்."

"அத்தா!"

"ஆமாண்டா, நான்தான். நாகூருக்கும் போனேன். உங்கிட்ட விட்டுட்டேன்னு சொல்லிட்டு, நெல்லு பார்க்கப் போறேன்னு போனேன். இவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கெடந்தா. வருஷா வருஷம் குழந்தைக்குச் செய்யுற மாதிரி வண்டிக்குச் செய்யுறவன். வந்து பார்த்தா வண்டி மூளியா நிக்குதேன்னு மனசு விட்டுப்போவான். அதான் பீரோவுல இருந்த சந்தனத்தை எடுத்து வச்சேன். பூஜை பண்ணல. சந்தனம் வச்சேன். தப்பா சரியான்னு அல்லா கேக்கட்டும், நான் சொல்லிக்குறேன்."

ஹாஜியாரின் குரல் உடைந்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

"அது இப்படி வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாட்டியும், இவனைப் போயி போலீஸ்ல குடுக்குறேன்னு நீ சொன்னே. நானும் மணியை உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இவன் செஞ்சிருக்க மாட்டான்னு ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வரல. இப்ப என் பழியையும் இவன் தூக்கிக்கிறான். எனக்கு இதைவிட வெக்கம் என்ன இருக்கு?"

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் முதலாளி அழ, டிரைவர் காலில் விழ, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதுதான் முறை. நானும் கைக்குட்டையைத் தேடினேன். ஆனால் தங்கையனுக்கு வேறு எதுவோ பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது.

"அதுக்குன்னு பெட்ரோல் மூடியிலயா முதலாளி வைப்பாங்க?"

ஹாஜியார் விழித்தார்.

"ஸ்டீயரிங்குக்கு ஒண்ணு, பானெட்டுக்கு ஒண்ணு, சக்கரத்துக்கு ஒவ்வொண்ணு. தீர்ந்துது. நீங்க வைப்பர்ல வச்சிருக்கீங்க. ஹாரன்ல வச்சிருக்கீங்க. நம்பர் பிளேட்டுல ஒரு நம்பரே தெரியல. சீட்டுல எல்லாம் கை கையா அப்பி வச்சிருக்கீங்க. கழுவி முடிக்கிறதுக்குள்ள என் இடுப்பு விட்டுப்போச்சு. தெரியலைன்னா ஃபோன் பண்ணிக் கேட்டா என்ன?"

"ஆஸ்பத்திரியில கெடக்குறவனுக்கு ஃபோன் பண்ணி, டேய் தங்கையா, சந்தனம் எங்கெங்க வைக்கணும்னு கேக்கச் சொல்றியா?"

"கேட்டிருந்தா இத்தனை மெக்கானிக்கு எதுக்கு?"

"சொல்ல வேண்டியவன் தஞ்சாவூர்ல போய் உக்காந்துகிட்டா எனக்கு எங்கேர்ந்து தெரியும்?"

"நான் என்ன சினிமாவா பார்க்கப் போனேன்?"

சித்தீக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேடம் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். நான் திறக்கவில்லை. அந்த இடத்தில் என் நகைச்சுவைக்கு வேலை இல்லை.

ஹாஜியார் மூச்சு வாங்கிக்கொண்டு முன்கதவைத் திறந்தார். மேடம் உட்கார்ந்திருந்த சீட்டில், தங்கையனுக்குப் பக்கத்தில், தானே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. அடுத்த வருஷம் ஆயுத பூஜை அன்னைக்கு லீவு கீவுன்னு வந்து நின்னே, உனக்கு இந்த வீட்டுல வேலை கிடையாது. ஆமா. இப்பவே சொல்லிட்டேன்."

தங்கையன் மஞ்சள் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரிங்க முதலாளி," என்றார்.